சுங்கை சிப்புட்டில் ஓர் உருவப்பட ஸ்டூடியோ: திருநங்கை ஒருவரின் மதிப்புரை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகரின் பழைய கடைவரிசை ஒன்றில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களின் திருமணங்களையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் படமெடுத்து வளர்ந்த கடை அது. அதை நிறுவிய பெரியவர் இப்போது கல்லாவில் அமர்ந்திருக்கிறார். படமெடுப்பவர் அவருடைய மகள். அந்தப் பெண் சில ஆண்டுகளாகத் திருநங்கையருக்கும், பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியருக்கும் தனியாக நேரம் ஒதுக்கி, அவரவர் தம் உடலையும் அடையாளத்தையும் எவ்வாறு காண விரும்புகிறாரோ அவ்வாறே உருவப்படம் எடுத்துத் தருகிறார். நான் இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, ஈப்போவில் தையல் வேலை செய்துவரும் திருநங்கை. என் படங்கள் அச்சாகி வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டுவிட்டன. அங்கே போகலாமா, பணத்துக்குத் தகுந்த வேலையா, மரியாதையாக நடத்துவார்களா என்று கேட்கும் தோழியருக்காகவும் தம்பிமாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அவர்களும் தம் பெயர்ப்பலகையில் இச்சேவையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதி வைக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டத்தில் உள்ள 21ஆம் பிரிவு, தகாத நடத்தை என்ற பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டின் கீழ் முஸ்லிம் அல்லாத எங்களையும் பிடித்துச் செல்ல இடம் கொடுக்கிறது. முஸ்லிம் சகோதரிகளுக்கோ மாநில ஷரியா சட்டங்கள் இன்னும் நேரடியான அச்சுறுத்தல். ஆண்கள் பெண்ணுடை அணிவதைத் தண்டிக்கும் நெகிரி செம்பிலான் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எங்களில் பலர் கண்ணீர் விட்டோம். 2015 அக்டோபரில் நாட்டின் உச்சநிலை நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணங்களைச் சுட்டி அத்தீர்ப்பை ரத்து செய்தது. உருவப்படத்துக்கும் இந்த அச்சத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்டால், 2018 ஆகஸ்டை நினைவூட்ட விரும்புகிறேன். பினாங்கில் ஜார்ஜ்டவுன் விழாவையொட்டி நடந்த ஒரு புகைப்படக் கண்காட்சியில், தேசியக் கொடியுடன் நின்ற மலேசியர் பலரின் படங்களுக்கு நடுவே திருநங்கையர் உரிமைப் போராளி நிஷா அயூப், பாலினச் சிறுபான்மையினர் உரிமைச் செயற்பாட்டாளர் பாங் கீ தெய்க் ஆகிய இருவரின் படங்கள் மட்டும், சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சரின் தலையீட்டுக்குப் பின் கழற்றப்பட்டன. நிஷா அயூப் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்க வெளியுறவுத் துறையின் துணிச்சல்மிகு பெண்களுக்கான அனைத்துலக விருதைப் பெற்றிருந்தார். நாட்டுக் கொடியைப் பிடித்தபடி நிற்கும் ஒரு திருநங்கையின் முகமே சுவரில் தங்க முடியாத நாட்டில், சுங்கை சிப்புட் போன்ற சிறு நகரத்து ஸ்டூடியோ இச்சேவையை அடக்கமாக நடத்துவதில் நான் குறை காணவில்லை.

எங்களைப் பற்றிய படங்களுக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோதனை நடவடிக்கைகளின் செய்திப் படங்களில் கைகளால் முகத்தை மறைத்தபடி நாங்கள் இருப்போம். விழாக்களில் எங்கள் ஆட்டத்தைக் கேட்காமல் கைப்பேசியில் பிடித்துக்கொள்வார்கள். அடையாள அட்டைக்கான படத்தைத் தேசியப் பதிவிலாகாவின் முகப்பிடத்திலேயே எடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை என்பதால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணைப் பார்த்து எங்களை அளந்துவிடுபவர்கள் உண்டு. இவை யாவும் பிறருடைய தேவைக்காக எடுக்கப்பட்டவை. என் தேவைக்காக எடுக்கப்பட்ட படம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் நெடுங்காலம் ஒன்றும் இல்லை. ஆகவே இந்த ஸ்டூடியோவை நான் அளந்த அளவுகோல் ஒன்றே: என் உடல் எப்படித் தெரிய வேண்டும் என்ற முடிவு ஒவ்வொரு படியிலும் யார் கையில் இருக்கிறது?

முதல் சந்திப்பில் கேமராவை வெளியே எடுப்பதே இல்லை. மேசையில் தேநீர் வைத்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் பேசுகிறார். “எந்தப் பேரு சொல்லிக் கூப்பிடணும்க்கா? எந்த இடத்தைப் படத்துல கொண்டு வரணும், எதைக் கொண்டு வரவே கூடாது?” என்று கேட்டு, பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார். அறுவைச் சிகிச்சை செய்திருக்கிறேனா, மாத்திரை சாப்பிடுகிறேனா என்று அவர் கேட்கவில்லை. எத்தனையோ மருத்துவமனைகளிலும் முகப்பிடங்களிலும் வேலைக்குத் தொடர்பே இல்லாமல் அக்கேள்வியைக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, கேட்காமல் விட்ட அந்த நாகரிகம் பெரிது. கல்லாவில் இருந்த பெரியவரும் நான் மாடி ஏறி வந்ததும் “வாம்மா, உட்காரு” என்றார். அவர் அந்தக் காலத்தில் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, வந்து குடும்பப் படம் எடுத்தவர். என்னை அரைக்கால் சட்டையில் பார்த்தவர்.

பேச்சின் நடுவே அந்தப் பெண் சில ஒளிப்படக் கலைஞர்களின் படங்களைக் காட்டினார். தயாநிதா சிங் டெல்லியின் திருநங்கையான மோனா அஹ்மதைப் பல ஆண்டுகள் படமெடுத்து 2001இல் நூலாக்கியபோது, படங்களோடு மோனாவின் சொந்த எழுத்தே இடம்பெற்றது. தென்னாப்பிரிக்காவின் ஸனேலே முஹோலி 2006 முதல் தம் நாட்டின் கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண்களையும் மாற்றுப்பாலினத்தவரையும் நேர்ப்பார்வையோடு, கறுப்பு வெள்ளையில் பதிந்து வருகிறார். அமெரிக்கத் திருநம்பியான லோரன் கேமரன் 1996இல் வெளியிட்ட தன்னுருவப்படங்களில், ஷட்டரை இயக்கும் ரப்பர் குமிழ் தம் கையில் இருப்பதை மறைக்காமல் விட்டார். தம் உடலைத் தாமே படமெடுக்கிறார் என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக. இந்த மூன்றாவது எடுத்துக்காட்டை ஸ்டூடியோ வெறும் பேச்சோடு விடவில்லை. படமெடுக்கும் நாளில் கம்பி இணைத்த ஒரு ரிமோட்டை என் கையில் கொடுத்தார்கள். அவர் ஒளியையும் கேமராவையும் ஒழுங்குபடுத்தி விட்டு விலகி நின்றார். பொத்தானை அழுத்தியது நான். எப்போது மூச்சு விட்டு உடல் தளர்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். மற்றொருவர் ‘ரெடி’ சொல்வதற்காக நெஞ்சை இறுக்கிக்கொண்டு நிற்கும் பழக்கம் சில படங்களுக்குள்ளேயே என்னிடமிருந்து கழன்றது. இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்று தயங்காமல் சொல்வேன்.

ஒளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். திருநங்கையரை எடுப்பதில் மற்ற ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் பிசகுவது அங்கேதான். அவர்கள் அறிந்தது ஒரே சூத்திரம்: உடலைச் சாய்வாகத் திருப்பித் தோளைக் குறுக்கு, முகவாயைத் தாழ்த்து, முன்பக்கமிருந்து மென்மையான ஒளியைக் கொட்டித் தாடையின் கோணத்தை அழி. பெண்மை தெரிய வேண்டும் என்று கேட்டு வரும் தோழியருக்கு அது பயன்படும் உத்தி என்பதை மறுக்கவில்லை. இவரும் அதை நன்றாகவே அறிந்திருக்கிறார். அகலக்கோண லென்ஸை முகத்தின் அருகே கொண்டு போனால் மூக்கும் முகவாயும் பெரிதாகும் என்பதால் 85 மில்லிமீட்டர் லென்ஸுடன் இரண்டு மீட்டர் அளவு தள்ளி நிற்கிறார். தாழ்ந்த கோணம் தாடையைக் கனமாக்கும் என்பதால் கேமராவைக் கண்மட்டத்திலோ சற்று மேலேயோ வைக்கிறார். பக்கவாட்டு ஒளி தோலின் மேடுபள்ளத்தையும் சவரத் தடத்தையும் எடுத்துக்காட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி, மறைக்க வேண்டுமா, குறைக்க வேண்டுமா, இருந்தபடி விட வேண்டுமா என்று கேட்கிறார். மறைக்க விரும்புவோருக்கு, நம் மாநிறத் தோலில் நீலம் பாயும் சவரத் தடத்தின் மேல் முதலில் ஆரஞ்சு நிறப் பூச்சை இட்டு, அதன்மேல் தோல் நிறப் பூச்சைப் போடும் ஒப்பனைக்காரர் ஒருவரும் இருக்கிறார்.

நான் கேட்டது வேறு. பதினாறு வயதில் பள்ளியை விட்டு அம்மாவுடன் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போனேன். பால்வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து நிரை நிரையாக நடந்தேன். அகன்ற இந்தத் தோள்கள் பிறப்பால் வந்தவை எவ்வளவு, சுமையால் வந்தவை எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இளம் வயதில் இவற்றை வெறுத்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடியிருக்கிறேன். அம்மா இறந்த பிறகு அவ்வெறுப்பு அடங்கிவிட்டது. அவருக்கும் இதே தோள்கள். ஆகவே தோள்கள் முழுமையாகத் தெரிய வேண்டும் என்றேன். அவர் மறுவார்த்தை பேசாமல் ஒளியை மாற்றினார். என்னைக் கேமராவுக்கு நேராக நிற்கவைத்து, ஒளியை மென்மையாக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸை ஒரு பக்கமாக, தலைக்குச் சற்று மேலே நகர்த்தி, மறுபக்கத்தில் வெள்ளை அட்டைக்குப் பதிலாகக் கறுப்புத் துணியை வைத்தார். தோள் எலும்பின் மேடும் கழுத்துக் குழியும் இடது கையில் சீவுகத்தி பட்ட தழும்பும் படத்தில் தெளிவாக இருக்கின்றன. பருத்திப் புடவையும் அம்மாவின் தோடும் அணிந்து நான் நிற்கிறேன். அப்படத்தைப் பார்ப்பவர் நான் பெண் என்பதையும் நான் தோட்டத்துப் பிள்ளை என்பதையும் ஒருசேரக் காண்பார். அவற்றில் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க எனக்கு நேரவில்லை.

தோலின் நிறத்தைப் படத்தில் கொண்டுவருவதிலும் இவருக்குத் தேர்ச்சி இருக்கிறது. முன்பு வேறொரு நகரத்தில் வேலை விண்ணப்பத்துக்காக நான் எடுத்த படத்தில் வெண்ணிறத் திரைக்கு முன் என் முகம் கரிக்கட்டை போல் இருந்தது. “உங்க கலர் அப்படித்தான்” என்றார் எடுத்தவர். காரணம் என் நிறமன்று. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சராசரியாக்க முயல்வதால், பெரிய வெள்ளைத் திரை இருந்தால் ஒளியைக் குறைத்துவிடுகிறது. மாநிற முகம் இருளில் தள்ளப்படுகிறது. ஃபிலிம் காலத்திலும் இதற்கு இணையான பாகுபாடு இருந்தது. ஃபிலிம் கழுவி அச்சிடும் கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ஷெர்லி அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் தாமும் நிறம் பிரித்ததாகவும், தோட்டத்து மக்களுக்காகக் கையால் திருத்தங்களைக் குறித்துவைத்துக்கொண்டதாகவும் பெரியவர் சொன்னார். மகள் அதைத் தொடர்கிறார்: சாம்பல் அல்லது மண்ணிறத் திரை, முகத்துக்கு அருகில் வைத்து அளக்கும் தனி ஒளிமானி, பெரிய அச்சுக்கு முன் ஒரு சோதனை அச்சு.

இவ்வளவு கவனமாக எடுத்தவர், திருத்தத்தில் சறுக்கினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். கைப்பேசிக்கு அனுப்பிய முதல் தொகுப்பில் என் தோல் ஒரு படி வெளுத்திருந்தது; தாடை மெலிந்திருந்தது. கல்யாணப் படங்களுக்காக மென்பொருளில் வைத்திருந்த தானியங்கித் திருத்தம் இந்தப் படங்களுக்கும் ஓடிவிட்டதாக விளக்கினார். சொன்னதும் வருத்தம் தெரிவித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து தந்தார். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழிந்தது. அதை நான் சிறு பிழையாகக் கருத முடியவில்லை. தன் முகத்தை முதன்முதலாகத் தான் விரும்பியபடி காணக் காத்திருக்கும் ஓர் இளம் திருநங்கைக்கு, மெலிந்த தாடையோடு ஒரு படம் போய்ச் சேர்ந்தால், கண்ணாடியில் தெரியும் தாடை குறையாகிவிடும். இத்தொகுப்புகளுக்குத் தானியங்கித் திருத்தத்தை அறவே நிறுத்திவைக்க வேண்டும் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். நீங்கள் போகும்போது, திருத்தாத படம் ஒன்றையும் அருகில் வைத்துக் காட்டும்படி கேளுங்கள்.

என்னோடு வந்த திருநம்பித் தம்பியின் அனுபவம் சற்று வேறானது. அவர் மார்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். தழும்புகள் தெரியச் சட்டையின்றி ஒரு படமும், முதுகு மட்டும் தெரிய ஒரு படமும் விரும்பினார். அதற்கென்று படமெடுப்பவர் உதவியாளரை வெளியே அனுப்பிவிட்டு, கதவை உட்புறம் தாழிட்டு, சன்னல் மறைப்புகளை இறக்கி, எந்த நொடியிலும் நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டுத் தொடங்கினார். தழும்பை மிகைப்படுத்தும் கூரிய ஒளியும் அதை அழித்துவிடும் தட்டையான ஒளியும் வேண்டாமென்று, சன்னலின் பகல் ஒளியை மெல்லிய துணி வழியாக விட்டார். அறுவைச் சிகிச்சை செய்யாத தம்பிமார் மார்பை இறுக்கும் பைண்டர் அணிந்து வருவதுண்டு. மாடியறையின் வெப்பத்தில் மூச்சு முட்டும் என்பதால், அவர்களுக்கு இடையிடையே அதைக் கழற்றி ஓய்வெடுக்கத் தனியறை கொடுக்கிறார். இறுக்கமான கட்டுத் துணியோ ஒட்டு நாடாவோ சுற்றி வந்தால் முதலில் அதை அவிழ்க்கச் சொல்கிறார். விலா எலும்புக்கும் தோலுக்கும் அது கேடு என்பதை அறிந்து நடக்கும் படப்பிடிப்பாளரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் தம்பிமாருக்கு அங்குள்ள உடைகளும் பொருள்களும் போதவே போதா. எங்களுக்கு ஓர் அலமாரி நிறையப் பட்டுப்புடவை, தாவணி, செயற்கை மல்லிகை, வளையல். அவர்களுக்கு நிறம் மங்கிய கோட்டு ஒன்று. திருநங்கையரின் பக்கத்திலும் புடவை, பூ, பொட்டு என்ற ஒரே வார்ப்புக்குள் தள்ளும் போக்கு அந்த அலமாரியில் தெரிகிறது. வேலையுடையில், ஜீன்ஸில், வெட்டிய தலைமுடியோடு நிற்க விரும்பும் திருநங்கையும் இருக்கிறாள். பின்னணித் திரைகளில் அருவியும் மாளிகையும் கல்யாணக் காலத்து மிச்சம். அவற்றைத் தவிர்த்துவிட்டு வெறுஞ்சுவரைக் கேளுங்கள். உங்கள் சொந்த உடைகளையே கொண்டு போவது நல்லது.

ஒப்புதல் படிவத்தைப் பற்றி நிறைவான மதிப்பு எனக்கு உண்டு. தமிழிலும் மலாயிலும் இருக்கும் அந்த ஒரே பக்கத்தில், கடைக் கண்ணாடியில் வைப்பது, சமூக ஊடகத்தில் இடுவது, மாதிரிப் படமாகப் பிறருக்குக் காட்டுவது, கடையின் கணினியில் சேமித்துவைப்பது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். எதிலும் குறியிடாமல் கையெழுத்திட்டால் எதற்கும் அனுமதி இல்லை என்றே பொருள். முகம் தெரியும் படத்துக்கும் முகம் தெரியாத படத்துக்கும் வேறு வேறு அனுமதி கேட்கிறார்கள். அச்சுகளை வாங்கிய பிறகு மூலக் கோப்புகள் யாவும் ஒரு பென் டிரைவில் நம்மிடம் வந்துவிடுகின்றன. கடையில் உள்ள பிரதியை நம் கண்முன்னே அழிக்கிறார். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும், எத்தனையோ வணிகர்கள் நம் படத்தைத் தம் சொத்தாக எண்ணுகிறார்கள். எங்களைப் பொறுத்தவரை, ஒரு படம் தவறான கைக்குப் போனால் வேலையும் வாடகை வீடும் போய்விடும். ஆதலால் இந்தப் பக்கத்தை அவசரப்படாமல் வாசித்துக் கையெழுத்திடுங்கள். புரியாத இடத்தில் பெரியவரே நிதானமாகப் படித்து விளக்குகிறார்.

அச்சின் தரத்தில் குறையில்லை. பருத்தித் தாளில், நிறமி மையில் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் அளவில் வந்த படத்தில் நிழலின் ஆழமும் தோலின் வெதுவெதுப்பும் குன்றவில்லை. பளபளக்கும் தாளைத் தவிர்க்கச் சொன்னவர் அவரே. விளக்கொளி அதில் பட்டால் முகம் மறைந்துவிடும். படச் சட்டங்கள் மட்டும் மலிவானவை, மூலைகள் பிரிகின்றன. ஈப்போவில் தனியாகச் சட்டமிட்டுக்கொள்வது மேல்.

கட்டணம் 350 ரிங்கிட். பேச்சு, இரண்டு மணி நேரப் படப்பிடிப்பு, மூன்று அச்சுகள், எல்லாக் கோப்புகளும் அதில் அடங்கும். ஒப்பனைக்காரர் வேண்டுமென்றால் 80 ரிங்கிட் தனி. நாட்சம்பளக்காரர்களுக்கு இது பெருந்தொகை என்பதை உணர்ந்து இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார்கள். கல்யாணப் பருவத்தில் வார இறுதிகள் கிடைக்கமாட்டா. வாரநாளின் முற்பகலே நல்லது, கடையில் வேறு வாடிக்கையாளர் நடமாட்டமும் அப்போது குறைவு. படிக்கட்டு செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே. மூட்டு வலி உள்ள மூத்த தோழியர் முன்கூட்டிச் சொன்னால், மளிகைக் கடை அடைத்த பிறகு கீழ்த்தளத்திலேயே விளக்குகளை அமைத்து எடுத்துத் தருகிறார்கள். எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் அவ்வாறே எடுத்துக்கொண்டார். ஈப்போவிலும் கோலகங்சாரிலும் உள்ள நம் தோழியரிடம் கேட்டால் தொலைபேசி எண் கிடைக்கும். அழைக்கும்போது எந்தப் பெயரில் உங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ரசீதும் அப்பெயரிலேயே வரும்.